சர்க்கரை இல்லாத ஐந்து கோப்பைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வில் இடம்பெறுபவர் 57 வயதுப் பெண். கணக்குப் பிரிவில், பெரும்பாலும் உட்கார்ந்தே செய்யும் வேலை. இரண்டாம் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. காலையும் இரவும் மெட்ஃபார்மின் 1000 மில்லிகிராம், காலை உணவோடு கிளிமெபிரைடு 2 மில்லிகிராம் என்ற மருந்துச் சீட்டு நீண்ட நாளாக மாறவில்லை. இரத்த அழுத்தத்துக்கும் ஒரு மாத்திரை எடுத்துவந்தார். எடை 71 கிலோ. சிறுநீரகச் செயல்பாடு இயல்பாக இருந்தது.

கடந்த மூன்று மாதச் சர்க்கரை நிலையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.8 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக ஏறியிருந்ததால், கிளிமெபிரைடு அளவைக் கூட்டுவதற்கு முன் உணவுப் பழக்கத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று மருத்துவர் அவரை உணவு ஆலோசனைக்காக எங்களிடம் அனுப்பினார். தம்மை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு மற்றதை எழுதலாம் என்று அவர் சம்மதித்திருக்கிறார். இதில் எங்கள் தரப்பில் நேர்ந்த தவறும் உண்டு. இதைப் பதிவு செய்ய முக்கியக் காரணமே அதுதான்.

முதல் சந்திப்பில் அவர் மூன்று நாள் உணவுக் குறிப்பைக் கொண்டுவந்தார். அளவான உணவு, நிறையக் காய்கறி, இனிப்புப் பண்டம் ஒன்றுகூட இல்லை. அந்தக் குறிப்பை மட்டும் நம்பியிருந்தால் 8.3 என்ற எண்ணுக்கு விளக்கமே கிடைத்திருக்காது. குடிப்பவற்றைப் பற்றிக் கேட்டபோதுதான், "அது வெறும் காபி, டீதானே மேடம், அதையுமா எழுதணும்?" என்றார்.

கோப்பைகளைக் கணக்கெடுத்தபோது

அதிகாலை ஐந்தரை மணிக்கு ஒரு காபி, எட்டு மணிக்குக் காலை உணவோடு இன்னொன்று, பதினொரு மணிக்கும் நான்கு மணிக்கும் அலுவலகத்தில் தேநீர், இரவு ஏழு மணிக்கு வீட்டில் மற்றொரு தேநீர் என்று நாளுக்கு ஐந்து கோப்பைகள். ஒவ்வொன்றிலும் பாலும் இரண்டு கரண்டி சர்க்கரையும் உண்டு. ஒரு தேக்கரண்டி சர்க்கரை நான்கு கிராம் என்று நாங்கள் வழக்கமாகப் போடும் கணக்கின்படி இது நாற்பது கிராம். ஆனால் கணக்கு அங்கேயே நின்றுவிடவில்லை. அடுத்த முறை வரும்போது வீட்டில் பயன்படுத்தும் கரண்டியையே கொண்டுவரச் சொன்னோம். சற்று அகலமான அந்தக் கரண்டியில் அவர் வழக்கமாக அள்ளுவதைப் போலவே அள்ளிக் கொட்டச் சொல்லி நிறுத்துப் பார்த்தபோது, மூன்று முறையும் ஏறக்குறைய ஆறு கிராம் வந்தது. தலைதட்டிய கரண்டிக்கும் குவித்து அள்ளிய கரண்டிக்கும் உள்ள இந்த இரண்டு கிராம் வித்தியாசம், ஐந்து கோப்பைகளில் நாளுக்கு இருபது கிராமாகப் பெருகிவிடுகிறது. உண்மையில் அவர் குடித்துவந்தது நாளுக்கு அறுபது கிராம் சர்க்கரை, அதாவது 240 கலோரி.

இதோடு, மாலையில் வீடு திரும்பியதும் 200 மில்லி பெட்டிச் சாறு ஒன்றையும் அவர் குடித்துவந்தார். "சர்க்கரை சேர்க்கப்படாதது" என்று பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்ததால், அது நீரிழிவு உள்ளவர்களுக்கு ஏற்றது என்று நம்பியே வாங்கியிருக்கிறார். அந்த வாசகம் பொய்யில்லை. தொழிற்சாலையில் சர்க்கரை சேர்க்கவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். பழத்திலிருந்தே வந்த சர்க்கரை அந்தப் பெட்டியில் ஏறத்தாழ இருபது கிராம் இருப்பது பின்புற அட்டவணையில் சிறிய எழுத்தில் அச்சாகியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், பழச்சாற்றில் உள்ள சர்க்கரையையும் நாம் அள்ளிப் போடும் சர்க்கரையோடு ஒரே வகையில்தான் சேர்க்கிறது. அவ்வகைச் சர்க்கரை முழுவதும் நாளின் மொத்தக் கலோரியில் பத்து சதவீதத்துக்குள், முடிந்தால் ஐந்து சதவீதத்துக்குள் இருக்கவேண்டும் என்கிறது. 2000 கலோரி உண்பவருக்கு அது முறையே ஐம்பது கிராம், இருபத்தைந்து கிராம். இவர் உண்பது அதைவிடக் குறைவு. பானங்களில் மட்டுமே குடித்தது எண்பது கிராம்.

பாலையும் நாங்கள் விட்டுவிடவில்லை. நூறு மில்லி பாலில் ஏறத்தாழ ஐந்து கிராம் லாக்டோஸ், அதாவது பாலில் இயல்பாகவே உள்ள சர்க்கரை, உண்டு. கோப்பைக்கு 120 மில்லி என்றால் நாளுக்கு முப்பது கிராம். ஆனால் லாக்டோஸ் இரத்தச் சர்க்கரையை ஓரளவு மெதுவாகவே ஏற்றும், பாலில் புரதமும் இருக்கிறது. எனவே பாலில் கைவைப்பதைத் தள்ளிவைத்தோம். ஒரே வாரத்தில் ஒருவரின் காபியிலிருந்து சர்க்கரையையும் பாலையும் சேர்த்துப் பறித்தால், அவர் அடுத்த சந்திப்புக்கு வரமாட்டார் என்பது எங்கள் அனுபவம்.

விரல்நுனி அளவீடுகள்

ஒரு வாரத்துக்குக் குறிப்பிட்ட சில கோப்பைகளுக்கு முன்பும், குடித்து ஒரு மணி நேரம் கழித்தும் வீட்டுக் கருவியில் அளந்து எழுதச் சொன்னோம். கீழே வரும் எண்கள் யாவும் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் உள்ள குளுக்கோஸ், மில்லிகிராமில். அதிகாலைக் காபி, சர்க்கரையோடு குடித்தபோது 147இலிருந்து 201. சர்க்கரை இல்லாமல் குடித்தபோது 144இலிருந்து 166. பெட்டிச் சாறு 139இலிருந்து 196.

இங்கே அவர் கேட்ட ஒரு கேள்வி எங்களைத் திருத்தியது. சர்க்கரை இல்லாத காபிக்கே இருபது ஏறுகிறது என்றால் காபியே ஆகாதா என்று கேட்டார். காஃபின் சிலருக்கு இன்சுலினின் வேலையைச் சிறிது நேரம் மந்தமாக்கும் என்பது தெரிந்ததே. அதைச் சொல்லி முடித்திருக்கலாம். அதற்குப் பதில், இரண்டு நாள் அதே ஐந்தரை மணிக்குக் காபிக்குப் பதிலாக வெந்நீர் மட்டும் குடித்து அளக்கச் சொன்னோம். வெந்நீருக்கும் 146இலிருந்து 155 ஆனது. விடியற்காலையில் சுரக்கும் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களால் கல்லீரல் குளுக்கோஸை வெளிவிடுவதால், எதையும் உண்ணாமலே சர்க்கரை ஏறும் நேரம் அது. ஆக, இருபத்திரண்டு ஏறியதில் ஒன்பது விடியலின் கணக்கு. எஞ்சிய பதின்மூன்று பாலும் காஃபினும் கருவியின் துல்லியமின்மையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது. 2013ஆம் ஆண்டின் சர்வதேசத் தரநிலைப்படி, நூறுக்கு மேற்பட்ட அளவுகளில் வீட்டுக் கருவி பதினைந்து சதவீதம் வரை கூடவோ குறையவோ காட்டலாம். பத்து எண் வித்தியாசத்துக்காக ஒரு பானத்தைத் தள்ளிவைப்பதில் அர்த்தமில்லை. சர்க்கரையோடும் சர்க்கரை இல்லாமலும் குடித்தபோது ஏறியதில் இருந்த முப்பதுக்கு மேற்பட்ட வித்தியாசம் அப்படிப்பட்டதல்ல. மூன்று நாள் திரும்பத் திரும்ப அளந்தபோதும் அது நிலைத்தது.

அதே வாரத்தில் ஒரு மாலை அவருடைய குறிப்பேட்டில் 243 என்ற எண்ணும் பக்கத்தில் மூன்று கேள்விக்குறிகளும் இருந்தன. அன்று மதியத்துக்குப் பிறகு அவர் தண்ணீரைத் தவிர எதுவும் குடித்திருக்கவில்லை. விசாரித்ததில், பழம் நறுக்கிய கையைத் துடைத்துவிட்டு அப்படியே விரலைக் குத்தியிருக்கிறார். சோப்பால் கழுவி மறுபடி அளந்தபோது 151 என்று அடுத்த வரியிலேயே எழுதியிருந்தார். விரலில் ஒட்டிய சாற்றின் சர்க்கரையைத்தான் கருவி முதலில் படித்திருக்கிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சாற்றை நிறுத்துவதில் விவாதமே எழவில்லை. பெட்டியின் பின்பக்கத்தைப் படித்துக் காட்டிய அன்றே அவர் விட்டுவிட்டார். காபி, தேநீர்ச் சர்க்கரையை எப்படி விடுவது என்பதில்தான் நேரம் செலவானது. ஒரே நாளில் விடுவது, வாரந்தோறும் கால் பங்கு வீதம் குறைப்பது, மாற்று இனிப்பூட்டிக்கு மாறுவது என்று மூன்று வழிகள் இருந்தன.

இனிப்பூட்டியை அவரே கேட்டார். வாங்கிவைத்திருந்த பொட்டலங்களையும் காட்டினார். உட்பொருள் பட்டியலில் முதலில் இருந்தது மால்டோடெக்ஸ்ட்ரின். இனிப்பூட்டி இரண்டாவதாகவே இருந்தது. பொட்டலத்தில் ஒரு கிராம் மட்டுமே என்பதால் ஒன்றிரண்டால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஆனால் மால்டோடெக்ஸ்ட்ரின் குளுக்கோஸுக்கு நிகரான வேகத்தில் சர்க்கரையை ஏற்றக்கூடிய மாவுச்சத்துப் பொருள். கோப்பைக்கு மூன்று என்று போட ஆரம்பித்தால் கணக்கு மாறிவிடும். எடைக் கட்டுப்பாட்டுக்காக இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொன்னது, ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்குப் பொருந்தாது என்று அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. ஆகவே பயமுறுத்தி அவரைத் தடுக்க எங்களுக்கு அதில் ஆதாரம் ஏதும் இல்லை. எங்கள் தயக்கம் வேறு: நாக்கு அதே இனிப்பைக் கேட்டுக்கொண்டே இருக்கும், இனிப்பூட்டி கைவசம் இல்லாத இடத்தில் சர்க்கரை திரும்பிவிடும். அதனால் அதிகாலைக் கோப்பைக்கு மட்டும், நிரப்பியாக மால்டோடெக்ஸ்ட்ரின் இல்லாத சிறு மாத்திரை வடிவில், ஒரு மாதத்துக்கு என்று ஒப்புக்கொண்டோம். மற்ற நான்கு கோப்பைகளிலும் வாரம் அரைக் கரண்டியாகக் குறைத்து நான்கு வாரத்தில் விடுவது என்று திட்டம் எழுதிக் கொடுத்தோம்.

அந்தத் தாளில் கிளிமெபிரைடு பற்றி ஒரு வரிகூட இல்லை. இந்த மாத்திரை, அந்த நேரத்தில் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்கச் செய்வது. 2 மில்லிகிராம் என்ற அளவு, அவர் தினமும் குடித்துவந்த சர்க்கரையோடு சேர்ந்தே நிர்ணயமாகியிருந்தது. அந்தச் சர்க்கரை இருப்பது மருத்துவருக்கும் தெரியாது. நாங்கள் கோப்பைகளைப் பார்த்தோம், மருத்துவர் சீட்டைப் பார்த்தார். இரண்டையும் ஒரே மேசையில் வைத்து யாரும் பார்க்கவில்லை.

ஒன்பதாம் நாள்

திட்டத்தை வீட்டில் வாசித்த மகள், "நாலு வாரம் எதுக்கும்மா இழுக்கணும், இன்னைக்கே விட்டுடுங்க" என்று சொல்ல, அவரும் மறுநாளே எல்லாக் கோப்பைகளிலும் சர்க்கரையை நிறுத்திவிட்டார். வீட்டில் போட்டதை எப்படியோ குடித்தார். அலுவலகத் தேநீரோ நெடுநேரம் கொதித்துக் கருத்துப்போனது. சர்க்கரை இல்லாமல் அதை வாயில் வைக்க முடியவில்லை. ஆகவே பதினொரு மணித் தேநீரையே கைவிட்டார். இது எங்களுக்கு யாரும் சொல்லாத தகவல், நாங்களும் கேட்கவில்லை. சர்க்கரையோடு அந்த நேரத்துப் பாலும் போனது. காலை எட்டு மணிக்கும் மதிய உணவுக்கும் இடையில் வயிற்றுக்கு எதுவும் இல்லாமல் போனது.

ஒன்பதாம் நாள் ஒரு கூட்டம் நீண்டுகொண்டே போனது. பதினொன்றே முக்கால் மணிக்கு அவருக்குக் கை நடுங்கி, கழுத்தெல்லாம் வியர்த்து, எதிரே திரையில் இருந்த எண்கள் பிடிபடவில்லை. பையிலிருந்த கருவியில் அளந்தபோது 58. எழுபதுக்குக் கீழே போனால் அது தாழ்சர்க்கரை. உடனே கவனிக்கவேண்டிய நிலை. அவருக்கு நீரிழிவு என்று அறிந்த சக ஊழியர், அக்கறையோடு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தது சர்க்கரை இல்லாத கோலா. பாதி டின்னைக் குடித்துக் கால் மணி நேரம் காத்திருந்து அளந்தபோது 55. அதற்குள் யாரோ விஷயம் புரிந்து, நான்கு தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தார்கள். அடுத்த கால் மணியில் 84. பிறகு உணவு உண்டு, மாலை வரை அலுவலகத்திலேயே இருந்தார்.

அன்றைய பக்கத்தை அவர் பிறகு எங்களிடம் காட்டினார். 58, 55 என்ற இரண்டு எண்களும் கோட்டை விட்டுச் சரிந்து, சிறுபிள்ளை எழுதியதைப் போல இருந்தன. 84 அவருடைய வழக்கமான கணக்கர் கையெழுத்தில் நேராக நின்றது.

மருந்தைத் திருத்தியது, பிறகு சுவையை

அன்று மாலையே மருத்துவருக்குத் தகவல் கொடுத்தோம். அவர் கிளிமெபிரைடை 1 மில்லிகிராமாகப் பாதியாக்கி, இரண்டு வாரத்துக்கு முற்பகலிலும் அளக்கச் சொன்னார். இது இவருடைய அளவீடுகளைப் பார்த்து மருத்துவர் எடுத்த முடிவு. இதே மாத்திரை எடுக்கும் மற்றவர்கள் தாங்களாகக் குறைத்துக்கொள்வதற்கான கணக்கு இது அல்ல. பதினைந்து கிராம் குளுக்கோஸுக்குச் சமமான மாத்திரைகளைப் பையில் வைத்துக்கொள்ளவும், கால் மணியில் மறுபடி அளக்கவும், "சர்க்கரை இல்லாத" பானம் அந்த நேரத்தில் தண்ணீருக்குச் சமம் என்று பக்கத்து மேசைக்காரருக்கும் சொல்லிவைக்கவும் கேட்டுக்கொண்டோம்.

அடுத்த சந்திப்பு முழுவதும் சுவையைப் பற்றியது. இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவது ஆடம்பரம் என்று முன்பு நினைத்திருந்தோம். பிடிக்காத பானத்தை ஒருவர் சகித்துக்கொண்டு குடிப்பதில்லை, விட்டுவிடுகிறார் என்பதை ஒன்பதாம் நாள் காட்டிவிட்டது. அவர் வீட்டில் தேநீர் போடும் முறையைக் கேட்டோம். சர்க்கரையின் இனிப்பைத் தாங்கும் அளவுக்குத் தூள் அதிகமாகப் போட்டு, எட்டு நிமிடம் கொதிக்கவிடுவது வழக்கம். தூளைப் பாதியாக்கி, கொதித்த நீரில் மூன்று நிமிடம் மட்டும் ஊறவிட்டு வடிகட்டிய தேநீரை எங்கள் அறையிலேயே போட்டுக் கொடுத்தோம். அதிக நேரம் கொதிக்கக் கொதிக்க, துவர்ப்பைத் தரும் பொருள்கள் கூடுதலாக நீரில் இறங்கும். அந்தத் துவர்ப்பை மறைக்கத்தான் சர்க்கரை தேவைப்பட்டது. முதல் மடக்கில் தண்ணியாக இருக்கிறது என்றார். பாதிக் கோப்பைக்குப் பிறகு, இதில் வாசனை தெரிகிறது என்றார்.

அலுவலகத்துக்கு வேறு வழி தேவைப்பட்டது. அங்கே தேநீர் போடுவது அவர் கையில் இல்லை. இரவில் ஒரு புட்டித் தண்ணீரில் தேயிலையைப் போட்டுக் குளிர்பெட்டியில் எட்டு மணி நேரம் ஊறவைத்து, காலையில் வடிகட்டி எடுத்துப்போகச் சொன்னோம். குளிர்ந்த நீரில் கசப்பும் துவர்ப்பும் குறைவாகவே இறங்கும். இரண்டாம் வாரத்தில் அதில் ஒரு சிறு துண்டு இலவங்கப்பட்டையை அவரே சேர்த்துப் பார்த்தார். இனிப்போடு நாம் பழகிய வாசனை மூக்குக்கு எட்டினால், நாக்கு இல்லாத இனிப்பையும் கொஞ்சம் உணரும். பட்டை சர்க்கரையைக் குறைக்கும் என்று யாரோ சொன்னதாகவும் கூறினார். வாசனைக்காகப் போடுங்கள், மருந்தாக எண்ணவேண்டாம் என்றோம். சிட்டிகை உப்பு காபியின் கசப்பை அமுக்கும் என்பது உண்மையே. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர் என்பதால் அதை நாங்கள் சொல்லவில்லை.

முற்பகல் பானத்தில் பால் இல்லாததால், அந்த நேரத்துக்கு ஒரு கைப்பிடி கொட்டைப் பருப்புகள் சேர்க்கப்பட்டன. பதினொரு மணி இடைவெளி மறுபடி வெறுமையாக இருக்கக்கூடாது என்பதே காரணம்.

பின்தொடர்ந்தவை

மருந்தைக் குறைத்தபின் முற்பகல் அளவு 96க்குக் கீழே போகவில்லை. மூன்றாம் மாத முடிவில் ஹெச்பிஏ1சி 7.3 சதவீதம், எடை 69 கிலோ. மருத்துவர் அப்போது கிளிமெபிரைடை முழுதாக நிறுத்தினார். ஆறாம் மாதத்தில் 7.1. வெறும் வயிற்றுச் சர்க்கரை பெரும்பாலான நாட்களில் 118க்கும் 130க்கும் இடையில் இருந்தது. இதை முழுவதும் கோப்பைகளின் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது: இரண்டாம் மாதத்திலிருந்து இரவு உணவுக்குப் பின் பதினைந்து நிமிட நடையையும் அவர் தொடங்கியிருந்தார், எடையும் இறங்கியது. எது எவ்வளவு செய்தது என்று பிரித்துச் சொல்ல எங்களிடம் வழியில்லை.

சுவை எல்லாக் கோப்பைகளிலும் ஒரே மாதிரி பழகிவிடவில்லை. நான்கு கோப்பைகள் ஆறாவது வாரத்துக்குள் பழகிவிட்டன. அதிகாலைக் காபி மட்டும் பழகவே இல்லை. இனிப்பூட்டி மாத்திரையின் பின்சுவையும் அவருக்குப் பிடிக்கவில்லை. மூன்றாம் மாதத்தில் மாத்திரையை விட்டுவிட்டு, அந்த ஒரு கோப்பைக்குத் தலைதட்டிய அரைத் தேக்கரண்டி சர்க்கரை, அதாவது இரண்டு கிராம், போட்டுக்கொள்வது என்று முடிவானது. எங்கள் குழுவில் ஒருவருக்கு இது உறுத்தியது. ஒரு கோப்பையில் வழி விட்டால் மற்றவற்றிலும் நுழையும் என்றார். ஆறாம் மாதம் வரை நுழையவில்லை. அறுபதிலிருந்து இரண்டுக்கு வந்தவரோடு அந்த இரண்டுக்காக வழக்காடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்றிக்கொண்டவை

பானங்களுக்கென்று இப்போது தனித்தாள் வைத்திருக்கிறோம். எத்தனை கோப்பை, எந்த நேரம், யார் போடுவது என்று அதில் கேட்கிறோம். யார் போடுவது என்ற கேள்வி அலுவலகத் தேநீரால் வந்தது. கரண்டியைக் கொண்டுவரச் சொல்வது வழக்கமாகிவிட்டது. இன்சுலினோ, கிளிமெபிரைடு வகை மாத்திரைகளோ எடுப்பவராக இருந்தால், நாளில் எத்தனை கிராம் சர்க்கரையை நீக்கப்போகிறோம் என்று மருத்துவருக்கு எழுதி, பதில் வந்த பிறகே திட்டத்தாளைக் கையில் கொடுக்கிறோம். படிப்படியாக என்று நாங்கள் எழுதியதை வீட்டார் ஒரே நாளில் செய்துவிடலாம் என்பதால், அப்படிச் செய்தாலும் ஆபத்து நேராதபடி மருந்து முதலில் பார்க்கப்படுகிறது. தாளை விளக்கும்போது, முடிந்தால் வீட்டில் ஒருவரையும் உடன் வரச் சொல்கிறோம்.

ஒன்றை இன்னும் சரிசெய்யவில்லை. சுவைத்துப் பார்க்கும் அந்த ஒரு மணி நேரத்தை எல்லோருக்கும் கொடுக்க எங்களிடம் ஆள் இல்லை. வெந்நீர்க் கெட்டிலும் நான்கு கோப்பைகளும் ஒரு மூலையில் இருக்கின்றன, கூட்டம் குறைந்த நாட்களில் மட்டும் பயன்படுகின்றன.

கிளிமெபிரைடு நின்றபின், மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரை வருவது அரிது என்று மருத்துவர் அவரிடம் விளக்கியிருக்கிறார். இருந்தும் குளுக்கோஸ் மாத்திரைக் குப்பியை அவர் பையிலிருந்து எடுக்கவில்லை. ஆறாம் மாதச் சந்திப்பில் குறிப்பேட்டைத் தேடியபோது அது மேசையில் உருண்டது. மூடி இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது.